ஈரப்பொடி

கழுதை முதல் தடவை இடிந்து விழுந்தபோது வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. மழைதான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக முன் கொட்டகையில் வளர்ந்து வந்த களிமண் கழுதை அது. முன்னங்கால்களை மடித்துப் படுத்த வாக்கில், நிஜக் கழுதை அளவுக்கு இருந்தது. முதலில் கழுத்தைத் தொங்கப்போட்டது. அப்புறம் விலாப்பக்கம் உள்ளே போனது. அப்புறம் முதுகுச் சுமையோடு மொத்தமும், டீயில் ஊறின ரொட்டி மாதிரி, அப்படியே உட்கார்ந்துவிட்டது.

சிலைக்காரி கையில் மண் தட்டுகிற மரத்தட்டியோடு நின்றாள். அவள் அண்ணன் மாவாண்டி ஓரத்தில் ஸ்டூலில் இருந்தான்.

"போச்சா?" என்றான்.

"போச்சுண்ணே."

"நாலு நாளா சொல்றேன், பொடியில ஈரம் போகலைன்னு. அந்தப் பொடியப் போட்டுப் பிசைஞ்சா மண்ணு எப்படி நிக்கும்? கூழுக்குக் கால் வச்ச மாதிரி இருக்கு."

"மழை விட்டதும் காய வச்சுக்கலாம்."

"மழை உன்னைக் கேட்டுட்டா விடும்? அடுப்பு மூட்டி அதுக்கு மேல காயப்போடு."

"வேண்டாண்ணே. காய வைக்கறதுக்குன்னு தனியா விறகு எரிச்சா அதுவும் வீண்தானே. சூளை ஒரு தடவைதான் எரியும்னு சொல்லியிருக்கேன்."

"யாருகிட்ட சொன்ன?"

"கண்காட்சிக்காரருக்கு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"கழுதைக்கே படிக்கத் தெரியாது. நீ அதுக்காக எழுதிக் கொடுத்தியாக்கும்" என்று சொல்லிவிட்டு மாவாண்டி எழுந்து போய், சரிந்து கிடந்த காதை எடுத்து ஓரமாக வைத்தான். காது மட்டும் முழுசாக இருந்தது.

அந்தத் தெருவில் சிலை என்றால் செத்துப்போன பெரிய மனுஷனுக்கு முச்சந்தியில் வைக்கிறது. உயிரோடு இருக்கிறவர்கள் வீட்டுக்குள் சிலை செய்கிறதும், அதுவும் படுத்த கழுதையைச் செய்கிறதும் யாருக்கும் பிடிபடவில்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் ஆறு வருஷம் இருந்துவிட்டு ரெண்டு பெட்டியோடும் ஒரு மண் சக்கரத்தோடும் திரும்பி வந்தவள் என்பதால், பாவம் என்று ஒதுக்கிவிட்டார்கள். சக்கரத்தில் கோப்பை செய்து விற்றாள். நல்லாத்தான் விற்றது. அப்புறம் அவளுக்கு மண் தோண்டுகிற இடத்தைப் போய்ப் பார்க்கணும் என்று தோன்றிவிட்டது. போய்ப் பார்த்தாள். ஒரு ஏரி அளவுக்குப் பள்ளம். அன்றிலிருந்து புது மண்ணைத் தொடமாட்டேன் என்று நின்றுவிட்டாள். பூமியிலிருந்து எடுத்தது போதும், எடுத்துப் போட்டதிலிருந்து செய்கிறேன் என்றாள்.

எடுத்துப் போட்டதற்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை. தெருக்கோடியில் பீங்கான் கம்பெனியின் உடைசல் மேடு இருக்கிறது. கக்கூஸ் பேசின், கைகழுவும் பேசின், தண்ணீர்த்தொட்டி மூடி என்று கீறல் விட்டது, மூக்கு உடைந்தது, நிறம் மாறினது எல்லாம் நாற்பது வருஷமாக அங்கே வந்து விழுகிறது. மூன்று மாடி உயரம். வெயிலில் கண் கூசும். அதில் புல் முளைக்காது, மழைத்தண்ணீர்கூட நிற்காமல் ஓடிவிடும். சிலைக்காரி அந்த உடைசலைப் பொடியாக்கி, கம்பெனி வாய்க்காலில் படிந்திருக்கிற வண்டலோடு சேர்த்துப் பிசைந்து மண்ணாக்கினாள். வண்டல் மட்டும் என்றால் காயும்போது வெடித்துவிடும். பொடி சேர்த்தால் எலும்பு வைத்த மாதிரி நிற்கும்.

அந்தப் பொடியை அரைக்கிற வேலைதான் மாவாண்டிக்கு. அதே கம்பெனியில் பத்தொன்பது வருஷம் பூச்சு அறையில் நின்றவன். பேசின்மேல் பளபளப்புக்கான பூச்சை மெஷின் குழாயால் அடிக்கிற வேலை. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் புருவம், மீசை, காதுமடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். அதனால் மாவாண்டி. பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் அட்டையில்தான் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இருமல் நிற்கவில்லை என்று கம்பெனி டாக்டரிடம் போனான். ஆஸ்துமா, பரம்பரை என்று எழுதிக் கொடுத்தார். அவன் பரம்பரையில் யாருக்கும் இருமல் கிடையாது. அந்தச் சீட்டை வைத்தே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து அவன் எந்தச் சீட்டையும் நம்புவதில்லை, எந்த டாக்டரையும் நம்புவதில்லை. கையெழுத்துப் போடச் சொன்னால் தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பான்.

தங்கச்சி ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருந்தாள். தண்ணியில் போட்டுத்தான் அரைக்கணும். அதற்காகப் பழைய இரும்பு டிரம் ஒன்றை மோட்டார் வைத்துச் சுற்றுகிற மாதிரி செய்து கொடுத்திருந்தாள். உள்ளே உடைசல், கெட்டிக் கூழாங்கல், தண்ணீர். ரெண்டு நாள் சுற்றினால் பால் மாதிரி ஆகும். அதைத் தெளியவைத்து, வடித்து, வெயிலில் காயப்போடணும்.

"தூசி பறக்கக் கூடாதுண்ணே. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

"எனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். அவனைவிட அது யாருக்கும் தெரியாது.

கழுதை விழுந்த மறுநாள் சிலைக்காரி வாய்க்கால் வண்டல் அள்ளப் போயிருந்தாள். மாவாண்டி பின்கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு உடைந்த பேசினைச் சாக்கில் போட்டு, சம்மட்டியால் அடித்தான். அப்புறம் இரும்பு உரலில் கொட்டி உலக்கையால் இடித்தான். அப்புறம் சல்லடையில் சலித்தான். முக்கால் மணி நேரத்தில் ஒரு வாளி பொடி. காய்ந்த பொடி. விரலுக்குள் வைத்துத் தேய்த்தால் பட்டு மாதிரி. டிரம்மில் போட்டால் இதற்கு ரெண்டு நாள் சுற்றி, நாலு நாள் தெளிந்து, மழையில் பத்து நாள் காயாமல் கிடக்கும்.

அன்றைக்கு அவன் செய்த இன்னொரு காரியத்தைச் சொல்லியாகணும். கம்பெனியில் சோதனைக்கு ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் மேஸ்திரி விடியற்காலையே குழாயைத் திறந்துவிடுவார். தரை, மூட்டை, பொடிக் குவியல் எல்லாவற்றிலும் தண்ணீர் தெளிக்கணும். வந்தவர் ஒரு குவியலில் கையை வைத்துப் பார்ப்பார். ஈரமாக இருக்கும். ஈரப்பொடி பறக்காது, சரி என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் பழையபடி தூசி மூட்டம். அந்தத் தெளிக்கிற வேலையில் மாவாண்டிக்கு நல்ல கைப்பக்குவம். மேலே அரை விரல் ஆழத்துக்கு மட்டும் நனையணும். அதுக்குக் கீழே இறங்கினால் பொடி கட்டி தட்டிவிடும், மேஸ்திரி காது கூசுகிற மாதிரி திட்டுவார்.

இடித்த பொடியைத் தங்கச்சியின் மூட்டையில் கொட்டி, அந்தக் கைப்பக்குவத்தை அதன்மேல் காட்டினான்.

சாயங்காலம் அவள் வந்து கையை வைத்துப் பார்த்தாள். "ஈரந்தான். ஆனா முன்ன மாதிரி சொதசொதன்னு இல்லையே!"

"துணியில கட்டித் தொங்கவிட்டேன். தண்ணி வடிஞ்சிருச்சு."

"இத முன்னாடியே செஞ்சிருக்கலாமே."

"முன்னாடி மூளை வரலை."

அவள் சிரித்துக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் ரெண்டரை மாசம். மழை விட்டு விட்டுப் பெய்தது. மாவாண்டி காலையில் டீ குடித்துவிட்டுப் பின்கொட்டகைக்குள் போவான். கதவைச் சாத்துவான். தூசி வெளியே போனால் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று ஜன்னலில் சாக்கு அடித்துவிட்டான். பொடியை வண்டலில் கொட்டிப் பிசைகிறதையும் தானே எடுத்துக்கொண்டான், அவள் கைக்கு மண்ணாகத்தான் போகும். டிரம்மில் பழைய தண்ணீரும் நாலு கல்லும் போட்டு மோட்டாரைத் தட்டிவிடுவான். அரைக்க இல்லை, சத்தத்துக்கு. கடகடவென்று அது ஓடுகிற சத்தத்துக்குள் உலக்கைச் சத்தம் அடங்கிவிடும். இருமலும் அடங்கிவிடும். ஒரு விளக்கைக்கூட வீணாக எரியவிடாத தங்கச்சி, ஒன்றும் இல்லாமல் ஓடுகிற அந்த டிரம்முக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அவள் ஏதோ கேட்கக் கதவைத் தள்ளினாள். மாவாண்டி உள்ளிருந்து கதவை முகத்தில் அடித்த மாதிரி சாத்தினான்.

"என்னண்ணே?"

"உள்ள வராத. வழுக்கும். சேறா இருக்கு. என்ன வேணும்னு வெளிய இருந்து சொல்லு."

சேறு எதுவும் இல்லை. கொட்டகைக்குள் வெளிச்சம் விழுந்த இடத்திலெல்லாம் தூசி தொங்கிக்கொண்டிருந்தது. அது தங்கச்சி மூக்குக்குள் போகக்கூடாது என்பதில் மட்டும் அவன் கண்டிப்பாக இருந்தான். தன் மூக்கைப் பற்றி அவனுக்கு அந்தக் கண்டிப்பு வரவில்லை.

ரெண்டாவது கழுதை நின்றது. சிலைக்காரி கயிறு கயிறாக மண்ணைத் திரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, தட்டித் தட்டி வயிற்றை எழுப்பினாள். உள்ளே வெறும் கூடு, சுவர் ரெண்டு விரல் கனம். விலா எலும்புகள் தோலுக்குள்ளிருந்து முட்டின. கழுத்து தரையோடு நீண்டு கிடந்தது. ஒரு கண் மூடி ஒரு கண் அரைகுறையாகத் திறந்திருந்தது. முதுகின்மேல் பேசின் பேசினாகச் சுமை ஏறிக்கொண்டிருந்தது.

"இந்தத் தடவ மண்ணு சொன்ன பேச்சு கேக்குதுண்ணே!" என்றாள். "எங்க நிறுத்துறேனோ அங்க நிக்குது. இருபது வருஷத்துல இப்படி ஒரு மண்ணுல நான் கை வச்சதில்ல. உன் கையில என்னமோ இருக்கு."

மாவாண்டி எழுந்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பின்பக்கம் போய்விட்டான். அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு மூட்டை அதிகமாக இடித்தான்.

கண்டுபிடித்தது அவன் பெண்டாட்டி. துணிக்கடைக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிறவள். தையலில் ஒரு நூல் தவறினாலும் கண்ணில் பட்டுவிடும். துவைக்கிற கல்லில் அவன் சட்டையைப் பிரித்தவள், அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"இது என்னங்க?"

"சட்டை."

"சட்டைன்னு எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருஷமா துவைக்கிறேன். தண்ணியில அரைச்சா சேறு தெறிச்சிருக்கணும். காலர் தையலுக்குள்ள மாவு எப்படி வந்துச்சு?"

"காய்ஞ்ச சேறு அது."

"காய்ஞ்ச சேறு பொருக்குப் பொருக்கா உதிரும். இது தண்ணியில போட்டதும் பாலாட்டம் விரியுது. கம்பெனியில இருந்து வருவீங்களே, அதே சட்டை, அதே வாசனை. யாருகிட்ட கதை விடுறீங்க?"

மாவாண்டி வாசல் பக்கம் பார்த்தான். "மெதுவாப் பேசு. அவ காதுல விழப்போகுது."

"விழட்டும். உங்க வரிசையில அஞ்சு பேரு நின்னீங்க. இப்ப எத்தன பேரு இருக்கீங்க?"

"ரெண்டு."

"இன்னொருத்தர் எப்படி இருக்காரு?"

"மாடி ஏற முடியலையாம். கீழயே கட்டிலப் போட்டுட்டாங்க."

"அப்ப ஒண்ணரைன்னு சொல்லுங்க."

"அவனுங்க பீடி குடிச்சானுங்க. நான் தொட்டதே இல்ல. பீடி குடிக்காதவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கம்பெனி டாக்டரே சொன்னாரு."

"அந்தாளு சொன்ன எதையும் நம்ப மாட்டீங்க. இது ஒண்ணை மட்டும் நம்புவீங்க!"

 கை விரல் நகத்துக்குள் இருந்த வெள்ளையை இன்னொரு நகத்தால் கிளறிக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்:

"பத்தொன்பது வருஷம் பூச்சடிச்சேன். எத்தனை ஆயிரம் சாமான் இருக்கும்? எல்லாம் எவனெவனோ உக்காந்து எந்திரிச்சுப் போற சாமான். ஒருத்தனாவது நின்னு பார்த்திருப்பானா? இந்தக் கழுதைய நின்னு பார்ப்பாங்கடி. ஊரு விட்டு ஊரு வந்து பார்ப்பாங்களாம். இன்னும் நாலு மூட்டைதான். சுமை மட்டும் பாக்கி. அப்புறம் உலக்கையத் தூக்கிக் கிணத்துல போட்டுடறேன்."

"கிணறு எங்க இருக்கு இங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அவள் தங்கச்சியிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்புறம் எல்லாரும் கேட்டார்கள். கேட்கிறவர்களுக்கு என்ன, கேட்டுவிட்டுப் போய்விடலாம். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த மனுஷன் அவளிடம் ஒரு ஆசையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கடையிலிருந்து கனத்த துணி வெட்டி வந்து, ஐந்து மடிப்பு வைத்து, மூக்குக்கும் வாய்க்கும் ஒரு கவசம் தைத்துக் கொடுத்தாள். தையல் அருமையாக இருந்தது. அந்தத் தூசிக்குத் துணி என்பது திறந்த வாசல் மாதிரி என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவள் தைத்ததைக் கட்டிக்கொண்டான்.

நாலு மூட்டை ஒன்பது மூட்டை ஆனது.

கழுதை பாதி காய்ந்ததும் சிலைக்காரி அதைக் கம்பியால் ஏழு துண்டாக அறுத்தாள். முழுசாக வைக்கிற அளவுக்குச் சூளை இல்லை. துண்டுகள் நிழலில் ஒரு மாசம் காய்ந்தன. மழையும் ஓய்ந்தது. சாமான் வருகிற உடைந்த மரப்பெட்டிகளைச் சேர்த்துவைத்து விறகாக்கியிருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை விடிந்ததும் சூளையை மூட்டினார்கள்.

நெருப்பு மாவாண்டி வேலை. பகல் பதினோரு மணிக்குச் சூளை வாய்க்குள் செங்கல் நிறம் வந்தது. சாயங்காலம் வரைக்கும் விடாமல் கொடுக்கணும். நடுவில் நெருப்பு இறங்கினால் அத்தனை துண்டும் விரிசல் விடும். மாவாண்டி ஒரு கட்டை போட்டான். நின்றான். ரெண்டாவது கட்டை போட்டான். சூளைச் சுவரில் கை வைக்கப்போய், சூடு என்று ஞாபகம் வந்து எடுத்துக்கொண்டான். மூன்றாவது கட்டையை எடுத்தவன் அதைப் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. குழந்தையை வைத்திருக்கிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே! என்னண்ணே?"

உதடு கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துவிட்டது. வாய் திறந்திருந்தது, காற்று உள்ளே போகிற சத்தம் மட்டும் கேட்டது, போன காற்று வெளியே வருகிற மாதிரி தெரியவில்லை. பெண்டாட்டி ஓடி வந்தாள். தெருவில் போன வண்டியை மறித்தார்கள். சிலைக்காரி கூடவே ஏறப்போனாள். மாவாண்டி அவளைப் பார்த்துக் கையை நீட்டினான். ஒரு விரலால் சூளையைக் காட்டினான். மறுபடியும் காட்டினான்.

அவள் இறங்கிவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவள் தனியாக நெருப்புக் கொடுத்தாள். அண்ணன் மூச்சுக்குத் திணறிக்கொண்டு போனபோது கழுதைக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தாள் என்று யாரும் அவளைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை புகை நாற்றத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நெஞ்சு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்திருந்தார். வயசு குறைந்தவர்தான். பேசும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"என்ன வேலை செய்யறாரு?"

"பீங்கான் கம்பெனியில இருந்தாரு. விட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு."

"சும்மா சொல்லாதீங்கம்மா."

"சும்மா ஏன் சார் சொல்லணும்?"

"பழசு இருக்கு, இல்லைன்னு சொல்லலை. அது பாட்டுக்கு உள்ள கெடந்திருக்கும். இன்னும் பத்து வருஷம் மெதுவா ஓட்டியிருக்கலாம். ஆனா இப்ப சமீபத்துல, ரெண்டு மூணு மாசத்துல, உள்ள அள்ளிக் கொட்டியிருக்கு. கல்லுத்தூசி. எந்தக் குவாரிக்கு அனுப்பினீங்க இந்த வயசுல?"

"எங்கயும் அனுப்பலை. வீட்டுலதான் இருக்காரு. எனக்குத்தான் பொடி அரைச்சுக் கொடுக்கறாரு. அதுவும் தண்ணியில போட்டுத்தான்…" சிலைக்காரி அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். "தண்ணியிலதானேண்ணி?"

அண்ணி புடவைத் தலைப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "இல்லம்மா" என்றாள்.

"நான் கைய வச்சுப் பார்த்தேனே! ஈரமா இருந்துச்சே!"

"மேல மட்டும்."

டாக்டர் படத்தை எடுத்து உறையில் போட்டார். இது கரையாது, வெட்டி எடுக்கவும் முடியாது என்றார். இருக்கிற மூச்சைச் சிக்கனமாகச் செலவு பண்ணணும் என்றார். எத்தனை நாளைக்கு வரும் என்று அண்ணி கேட்டாள். அதற்கு அவர் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். 

பன்னிரண்டு நாள் கழித்து மாவாண்டியை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். மூக்கில் குழாய், பக்கத்தில் காற்று கொடுக்கிற மெஷின். அது நாள் முழுக்க 'உஸ்… டக்' என்று சத்தம் போட்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் நாற்காலியிலேயே இருந்தான், தூங்கினதும் அதிலேயே. சோறு பிசைந்து கொடுத்தால் ரெண்டு வாய்க்கு ஒருதரம் நின்று இளைப்பாறணும்.

சிலைக்காரி பின்கொட்டகையைத் திறந்து பார்த்தாள். தரையில் வெள்ளையாக அவன் காலடித் தடம். உலக்கை. ஐந்து மடிப்புக் கவசம் ஆணியில் தொங்கியது. மிச்சம் இருந்த மூட்டையில் கையை முழங்கை வரை விட்டாள். மேலே தெளித்த தண்ணீர் காய்ந்து ஒரு தகடாக நின்றிருந்தது. அதற்குக் கீழே மொத்தமும் பட்டு.

வந்து அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கையில் பொடி ஒட்டியிருந்தது. அவன் அதைப் பார்த்தான்.

"கழுவு… முதல்ல" என்றான்.

"ஏண்ணே இப்படிச் செஞ்ச?"

உஸ்… டக்.

"கம்பெனிக்காரன் அடுத்தவன ஏமாத்தினான். நீ என்னைய ஏமாத்தின. நான் என்ன சோதனைக்கு வர்ற ஆபீசரா உனக்கு?"

"நீதான… சொன்ன." மூச்சு வாங்கினான். "மண்ணு… பேச்சு கேக்குதுன்னு."

அவள் எழுந்தாள். போய்க் கையைக் கழுவினாள்.

கழுதை ஏழு துண்டும் ஒரு கீறல் இல்லாமல் வெந்திருந்தது. முற்றத்தில் சேர்த்து வைத்தபோது ஒட்டின இடம்கூடத் தெரியவில்லை. எலும்பு நிறம். பூச்சு எதுவும் கிடையாது. தெருக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கேலி பண்ணத்தான் வந்திருப்பார்கள், பண்ண முடியவில்லை. மாவாண்டி நாற்காலியை முற்றத்துப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னான். அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போகட்டும்" என்றான் தங்கச்சியிடம். "அனுப்பு. நின்னு… பார்க்கட்டும்."

கண்காட்சிக்காரர் வண்டியோடும் நாலு ஆட்களோடும் வந்தார். நல்ல சட்டை போட்ட மனுஷர். கழுதையை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். அதன் பக்கத்தில் வைக்கவேண்டிய அட்டையை அச்சடித்தே கொண்டுவந்திருந்தார். சிலைக்காரி ஆறு மாசத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்தது: 'இதற்காக ஒரு பிடி மண்ணும் புதிதாகத் தோண்டப்படவில்லை. எதுவும் வீணாகவில்லை. யாருக்கும் தீங்கு நேரவில்லை.'

சிலைக்காரி அட்டையை வாங்கி ரெண்டு தடவை படித்தாள்.

"இது பொய் சார். இத வைக்க முடியாது. கழுதையையும் அனுப்பலை."

"என்ன மேடம் இது, வண்டி வந்து நிக்குது!"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். உலக்கை, சாக்கு அடித்த ஜன்னல், மேலே தெளித்த தண்ணீர், டாக்டர் சொன்னது, ஒன்று விடாமல். கண்காட்சிக்காரர் அடிக்கடி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். அவர் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அது நிஜமாகவே வந்ததுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இதையே எழுதலாமே. இதுதானே மேடம் விஷயம்? கழுதை சுமக்குதுன்னா யாரு சுமக்கறாங்க? இது வந்ததும் சிலை வேற லெவலுக்குப் போயிடுது. அண்ணன் பேர் போட்டு, அவரோட எக்ஸ்ரே ஒண்ணை அங்க சுவத்துல மாட்டி… அண்ணனை இப்ப கழுதை பக்கத்துல அந்தக் குழாயோட ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"



முதலில் பேசியது அண்ணிதான். "குழாயைக் கழட்டிட்டு எடுக்கட்டுமா தம்பி? இன்னும் நல்லா வரும்."

கண்காட்சிக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, நான் அப்படிச் சொல்லலைம்மா" என்றார்.

மாவாண்டி தங்கச்சியைக் கை காட்டிக் கூப்பிட்டான். அவள் குனிந்தாள்.

"கம்பெனிக்காரன்… என் நெஞ்ச… மறைச்சான்." உஸ்… டக். "இவன்… மாட்டி வைக்கணுங்கறான்." உஸ்… டக். "ரெண்டு பேரும்… மேல… தெளிக்கறவனுங்கதான்."

"நீ என்ன சொல்றண்ணே?"

அவன் கழுதையைப் பார்த்தான். அந்தக் கழுத்தை, அரைக்கண்ணை, ஒவ்வொரு விலாவாக. வெகு நேரம் பார்த்தான். அப்புறம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

சிலைக்காரி பின்கொட்டகைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் சம்மட்டி இருந்தது. கண்காட்சிக்காரர் "மேடம், மேடம்" என்று பின்னாலேயே நகர்ந்து வாசலுக்குப் போய்விட்டார். வண்டி ஆட்கள் ஒதுங்கினார்கள். அவள் கழுதையின் தலைமாட்டில் காலை அகட்டி நின்று சம்மட்டியைத் தூக்கினாள்.

"ஏய்!"

அந்தச் சத்தம் மாவாண்டியிடமிருந்து வந்தது என்று யாருக்கும் முதலில் புரியவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டான். குழாய் மூக்கிலிருந்து விலகித் தொங்கியது. பெண்டாட்டி தாங்கிப் பிடித்தாள்.

"என்னண்ணே? வேண்டாமா?"

"தண்ணி…" என்றான். "தண்ணி ஊத்து. ஊத்திட்டு… உடை."

சிலைக்காரி சம்மட்டியை இறக்கினாள்.  பிறகு வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

முதல் வாளியை முதுகில் ஊற்றினாள். பூச்சில்லாத சுட்ட மண், தாகத்தோடு கிடந்தது மாதிரி சீறிக்கொண்டு குடித்தது. எலும்பு நிறம் கறுத்தது. ரெண்டாவது வாளி வயிற்றுக்கு. மூன்றாவது சுமைக்கு. ஊற்ற ஊற்றக் குடித்தது. எட்டு வாளி ஆனது. மாவாண்டியை நாற்காலியில் உட்காரவைத்துக் குழாயை மாட்டியிருந்தார்கள். அவன் கழுதையின் உடம்பெல்லாம் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தான், பூச்சறையில் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பானே அந்த மாதிரி.

அவள் மறுபடியும் சம்மட்டியை எடுத்தாள். அவன் விரலை உயர்த்தினான்.

"காது" என்றான். "இடது காது… காயுது பாரு. மேலாக்கத்தான்… நனைஞ்சிருக்கு. உள்ள… போகலை."

அவள் இன்னொரு வாளி கொண்டுவந்து அந்தக் காதின்மேல் மெதுவாக, ஒரே இடத்தில், சீறுவது நிற்கிற வரைக்கும் ஊற்றினாள். அவன் சரி என்று கண்ணை மூடித் திறந்தான்.

முதல் அடியில் கழுத்து போனது. ரெண்டாவது அடியில் விலா. சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

தூசி எழும்பவில்லை. மாவாண்டி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.